‘பசித்தால் தானாகச் சாப்பிடுவாள்’ என்கிறார்கள். எட்டு மாதமாகியும் சாப்பிடவில்லை

சாளரம்

என் மகளுக்கு 15 வயது. எட்டு மாதங்களுக்கு முன் ஒருநாள் இனிப்பை நிறுத்தினாள். நல்லதுதானே என்று நானும் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். அடுத்து எண்ணெய் போயிற்று. பிறகு இரவுச் சாப்பாடு போயிற்று. இப்போது வயிறு சரியில்லை, படிக்க வேண்டும், பிறகு சாப்பிடுகிறேன் என்று வேளைக்கொரு காரணம் சொல்கிறாள்.

எனக்குப் புரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. சாப்பாட்டை வெறுக்கும் பெண் எதற்காக மணிக்கணக்கில் சமையல் காணொளி பார்க்க வேண்டும்? வீட்டில் எல்லாருக்கும் அவளே சமைத்துப் பரிமாறுகிறாள். தம்பி மிச்சம் வைத்தால் கோபம் வருகிறது. தான் மட்டும் ஒரு வாய் வைப்பதில்லை.

கோடையிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறாள். தலை வாரினால் முடி கொத்தாக வருகிறது. மூன்று மாதமாக மாதவிடாய் இல்லை. படிப்பில் மட்டும் குறையே இல்லை, முன்பைவிட அதிக மதிப்பெண். அதனால் பள்ளியில் யாரும் கவலைப்படவில்லை. உறவினர்கள் முதலில் “எவ்வளவு அழகாகிவிட்டாய்” என்றார்கள். இப்போது “ஏன் இப்படி எலும்பும் தோலுமாக இருக்கிறாய்” என்கிறார்கள். இரண்டையும் அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர், இரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது, பசித்தால் தானாகச் சாப்பிடுவாள் என்று அனுப்பிவிட்டார். கெஞ்சினேன், திட்டினேன், ஒருநாள் அடிக்கக் கையையும் ஓங்கிவிட்டேன். எங்கே தவறு செய்தேன் என்று தெரியவில்லை.

நெறியாளர்

பதில் எழுதுமுன் ஒரு வேண்டுகோள். யாருடைய எடையையும், எத்தனை கலோரி என்பதையும், எப்படி மெலிந்தார்கள் என்பதையும் இங்கே எழுதாதீர்கள். இதைப் படிப்பவர்களில் இதே நோயோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளும் இருப்பார்கள். நமக்குத் தகவலாகத் தெரியும் எண் அவர்களுக்குப் பந்தய இலக்காகிவிடும். ஏற்கெனவே ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். எழுதியவர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஊஞ்சல்பலகை

நான் பழைய ஆள், பட்டென்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் அளவுக்கு மீறித் தாங்குகிறீர்கள் அம்மா. கைப்பேசியை வாங்கிப் பூட்டுங்கள். இரண்டு நாள் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும், வீம்பு போகாதா? எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள், யாருக்கும் இந்த நோய் வந்ததில்லை. தட்டில் போட்டதைத் தின்றோம்.

கரையேறியவள்

அக்கா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். அந்த ஸ்வெட்டர் என்னுடையது. எனக்கு இப்போது 27. பதினான்கு வயதிலிருந்து பத்தொன்பது வரை நானும் இப்படித்தான் இருந்தேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டையே தவிர்க்கவைக்கும் இந்த நோய்க்கு அனோரெக்சியா என்று பெயர். அதைத் தமிழில் சிலர் ‘பசியின்மை நோய்’ என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது. பசி இல்லையா? இரவு இரண்டு மணிக்குப் பசியில் தூக்கம் வராமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். கனவில் கூடச் சாப்பாடுதான். அறிந்தோ அறியாமலோ ஒரு வாய் சாப்பிட்டுவிட்டதாகக் கனவு கண்டு, குற்றவுணர்வில் வியர்த்து எழுந்திருக்கிறேன். பசி இருந்தது. அதைத் தோற்கடிப்பதுதான் என் முழுநேர வேலையாக இருந்தது. வகுப்பில் என்னைவிட அழகானவர்கள், கெட்டிக்காரர்கள், பேச்சுக்காரர்கள் எல்லாரும் பசித்தால் சாப்பிடுகிறார்கள், நான் மட்டும் அதை வென்றுவிட்டேன் என்று ஒரு பெருமை. வேறெதிலும் எனக்கு அப்படி ஒரு வெற்றி கிடைத்ததில்லை.

ஆகவே ஊஞ்சல்பலகை ஐயா சொல்வதுபோல் இரண்டு நாள் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் நான் மகிழ்ச்சியாக இரண்டு நாளும் பட்டினி கிடந்திருப்பேன். மூன்றாம் நாளும்தான். தடுக்க ஆள் இல்லையென்றால் அந்த நோய்க்குத் திருவிழா.

அக்கா கேட்ட சமையல் காணொளிக்கு எனக்குப் பதில் தெரியும், ஆனால் அறிவியலாகச் சொல்லத் தெரியாது. கண்ணால் சாப்பிட்டேன். அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற ஸ்டெதஸ்கோப்

அந்த அறிவியலை நான் சொல்கிறேன். ‘பசி வந்தால் பத்தும் பறந்துபோகும்’ என்றார் நண்பர். எதெது பறக்கும் என்று ஒருவர் அளந்தே பார்த்திருக்கிறார்.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டம், 1944 நவம்பர். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர், போருக்குப் போக மறுத்து மாற்றுப் பணி ஏற்றிருந்த 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். உடலும் மனமும் திடமாக இருந்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்தார்கள். 24 வாரங்கள் அவர்களுக்கு ஏறக்குறைய பாதிச் சாப்பாடு. பட்டினியால் வாடும் ஐரோப்பிய மக்களை எப்படி மீட்டெடுப்பது என்று அறிவதே நோக்கம்.

அந்த இளைஞர்கள் சமையல் புத்தகங்களை வாங்கிக் குவித்தார்கள். செய்முறைகளைப் படியெடுத்து வைத்துக்கொண்டார்கள். சில நிமிடங்களில் முடிக்க வேண்டிய சாப்பாட்டை நெடுநேரம் இழுத்து இழுத்துச் சாப்பிட்டார்கள். எப்போதும் குளிர்கிறது என்றார்கள். நண்பர்களைத் தவிர்த்தார்கள், எரிந்து விழுந்தார்கள், சோர்ந்துபோனார்கள். இவர்களில் ஒருவருக்குக்கூட மெலிய வேண்டும் என்ற ஆசை இருந்ததில்லை. எல்லாரும் ஆண்கள், பெரியவர்கள்.

சாளரம் அம்மா, உங்கள் மகளின் ஸ்வெட்டரும் கோபமும் சமையல் மோகமும் அவள் குணம் அல்ல. பட்டினி கிடக்கும் மூளை எல்லாருக்கும் அப்படித்தான் நடந்துகொள்ளும். வித்தியாசம் ஒன்றே ஒன்று. மின்னசோட்டா இளைஞர்கள் சாப்பாடு கிடைத்ததும் பாய்ந்தார்கள். உங்கள் மகளுக்குச் சாப்பாடு கிடைக்கும்போது பயம் வருகிறது. அந்தப் பயம்தான் நோய்.

அடுத்து, இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் ஆபத்து இல்லை என்று பொருளல்ல. உடல் தன் கையிருப்பைக் கரைத்து, எண்களைக் கடைசி நேரம் வரை காப்பாற்றிக்கொண்டே இருக்கும். நாடித்துடிப்பை யாராவது எண்ணினார்களா? படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பகலில் விழித்திருக்கும்போது துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழே போனால், எழுந்ததும் தலைசுற்றி மயக்கம் வந்தால், மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கலாம். ஈசிஜி எடுக்க வேண்டும். இரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் என்ற உப்புகள் இரண்டையும் பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்றிருப்பது எலும்பைப் பற்றிய எச்சரிக்கையும்கூட. வாழ்நாள் முழுவதற்குமான எலும்பு வலுவில் பெரும்பங்கு இந்த வயதில்தான் சேர்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பாசத்தில் செய்யும் தவறு இது. நீண்ட நாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே நின்றுபோகலாம். போர் முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர் வயிறார உண்ட பிறகு இறந்தது இப்படித்தான். எனவே மிகவும் மெலிந்திருந்தால் முதல் சில நாட்கள் மருத்துவரின் கண்காணிப்பில் நடக்கட்டும். இந்த நோயைத் தெரிந்த மருத்துவராகத் தேடிப் போங்கள். “பசித்தால் சாப்பிடுவாள்” என்று சொன்னவரிடம் மறுபடி போக வேண்டாம்.

ஊஞ்சல்பலகை

டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இது டிவியும் கைப்பேசியும் கொண்டுவந்த நோய் என்பதை மட்டும் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறீர்களே, ஏன்?

ஓய்வுபெற்ற ஸ்டெதஸ்கோப்

பாதி ஒத்துக்கொள்கிறேன். பிஜித் தீவின் நட்ரோகா பகுதிக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. பருமனான உடல்தான் அழகு என்று கருதிய சமூகம் அது. அங்கே பள்ளி மாணவிகளை ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் 1995இலும் 1998இலும் சந்தித்துப் பேசினார். மெலிவதற்காக வாந்தி எடுக்கும் பழக்கம் முதல் முறை ஒருவரிடமும் இல்லை. மூன்றே ஆண்டுகளில் அது 11 சதவீதத்துக்கும் மேல் போயிருந்தது. கைப்பேசிக்கு வருவோம். 2021இல் கசிந்த ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள்ளாவணங்களில், பதின்வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு உடல்தோற்றக் கவலையை இன்ஸ்டாகிராம் மோசமாக்குகிறது என்று அவர்களுடைய ஆய்வாளர்களே எழுதிவைத்திருந்தார்கள்.

மீதிப் பாதி இதோ. இந்த நோய்க்கு லண்டனில் வில்லியம் கல் பெயர் வைத்தது 1870களில். பாரிஸில் லாசேக் என்பவரும் அதே காலத்தில் இதை விவரித்திருக்கிறார். அப்போது எந்தக் கைப்பேசி இருந்தது? 2019இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு ஒன்று, அனோரெக்சியாவோடு தொடர்புள்ள எட்டு மரபணுப் பகுதிகளைக் கண்டறிந்தது. அவற்றின் தொடர்பு மனநலத்தோடு மட்டுமல்ல, வளர்சிதை மாற்றத்தோடும் இருந்தது. ஒரே படத்தை ஆயிரம் பெண்கள் பார்க்கிறார்கள். எல்லாரும் மனம் வாடுகிறார்கள், பலர் டயட் தொடங்குகிறார்கள், சிலர் மட்டும் திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

டயட் என்பதுதான் பெரும்பாலும் வாசல். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 1999இல் ஓர் ஆய்வு வந்தது. கடுமையாக டயட் இருந்த பெண்களுக்கு, டயட்டே இருக்காதவர்களைவிட உணவுக் கோளாறு வரும் வாய்ப்பு 18 மடங்கு. வளரும் பிள்ளைக்கு டயட் எழுதிக் கொடுப்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் கை பரபரக்கும்.

விசில்

நான் உடற்கல்வி ஆசிரியர். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள், வருடத்துக்கு இரண்டு முறை, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எடை பார்த்து உரக்கச் சொல்லி, இன்னொரு பிள்ளையை எழுதிக்கொள்ளச் சொல்வேன். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்குப் போட்டுச் சிவப்பு மையில் வட்டமிடுவேன். வட்டமிட்ட பெயருக்குரிய பிள்ளை அன்று மதியம் சாப்பிட்டதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. போன வருடம் ஓட்டப்பந்தயப் பெண் ஒருத்திக்குக் காலில் எலும்பு விரிசல். அடுத்தடுத்து இரண்டாவது முறை. மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு “இவள் சாப்பிடுகிறாளா?” என்றார். அவளிடம் “கொஞ்சம் இளைத்தால் இன்னும் வேகமாக ஓடலாம்” என்று சொன்னவன் நான்தான்.

ஓய்வுபெற்ற ஸ்டெதஸ்கோப்

விசில் அவர்களே, அந்த பிஎம்ஐ கணக்கு 1830களில் பெல்ஜிய வானியலாளர் க்வெட்லே மக்கள்தொகையின் சராசரி மனிதனைத் தேடியபோது போட்டது. ஒரு தனி ஆளின் ஆரோக்கியத்தைச் சொல்ல அல்ல. 1972இல் அதற்கு இன்றைய பெயரை வைத்தவர், வேடிக்கை பாருங்கள், அதே ஆன்செல் கீஸ். வளரும் பிள்ளைகளுக்கு அந்த எண்ணை அப்படியே பார்க்கவே கூடாது. வயதும் பாலினமும் சேர்ந்த வளர்ச்சி வரைபடத்தில் வைத்து, அந்தப் பிள்ளை இதுவரை எந்தக் கோட்டில் வளர்ந்துவந்தது என்று பார்க்க வேண்டும். பூப்பெய்தும் பருவத்தில் பெண் உடல் கொழுப்புச் சேர்ப்பது இயல்பு. சேர்க்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

மாடிப்படி

பெண் பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறோமே. என் மகனுக்கு 16. அவனுக்கு இளைக்க வேண்டாம், பெருக்க வேண்டும். ஜிம்முக்கு ஒருநாள் போகாவிட்டால் அழுகிறான். நண்பனின் பிறந்தநாளுக்குப் போகவில்லை, கேட்டால் அங்கே புரதம் இருக்காது என்கிறான். தோள் அகன்றிருக்கிறது, ஆனால் தான் ஒடிசலாக இருப்பதாகச் சொல்லிச் சட்டையைக் கழற்றவே மாட்டான். கணவரோ “ஆண் பிள்ளை உடம்பை வளர்க்கிறான், விடு” என்கிறார்.

ஓய்வுபெற்ற ஸ்டெதஸ்கோப்

இதற்கும் பெயர் உண்டு. ஹாரிசன் போப் என்ற மனநல மருத்துவரும் சக ஆய்வாளர்களும் 1993இல் இதைத் தலைகீழ் அனோரெக்சியா என்று விவரித்தார்கள். இப்போது தசைத்தோற்றக் கோளாறு என்கிறோம். அவன் எத்தனை மணி நேரம் பயிற்சி செய்கிறான் என்பதைவிட, பயிற்சிக்காக எதையெல்லாம் விட்டுவிட்டான் என்று பாருங்கள். என்ன பொடி, என்ன மாத்திரை, என்ன ஊசி என்பதைச் சண்டை இல்லாமல் விசாரியுங்கள். ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்பதே என் அச்சம். தனி இழையாகத் தொடங்குங்கள், விரிவாகப் பேசலாம்.

கடைசிபெஞ்சு

எனக்கு 17. நான் எழுதலாமா தெரியவில்லை. மேலே சொன்ன எல்லாம் எனக்கும் இருக்கிறது. முடி, குளிர், தலைசுற்றல். பகலெல்லாம் சாப்பிடாமல் இருந்து இரவில் கட்டுப்பாடே இல்லாமல் சாப்பிட்டுவிடுவேன். பிறகு செய்வதை இங்கே எழுதக் கூடாது. ஆனால் என்னைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள், ஏனென்றால் நான் பெரிய உடம்புக்காரி. உடம்பு குறைய ஆரம்பித்ததும் எல்லாரும் பாராட்டினார்கள். எலும்பு தெரியாதவர்களுக்கு இந்த நோய் வராதுதானே?

கரையேறியவள்

வரும் கண்ணே. தாராளமாக எழுது. ஒரு விஷயம் சொல்கிறேன். என்னோடு சிகிச்சையில் இருந்தவர்களில் தெருவில் பார்த்தால் நோயாளி என்று சொல்லக்கூடியவர்கள் பாதிப்பேர் கூட இல்லை.

ஓய்வுபெற்ற ஸ்டெதஸ்கோப்

வரும். அனோரெக்சியாவின் அத்தனை அறிகுறிகளும் இருந்து எடை மட்டும் குறைவாக இல்லாத நிலையை 2013இல் வந்த அமெரிக்க மனநலக் கையேடு தனியே பெயரிட்டுச் சேர்த்திருக்கிறது. அதிகமாக உண்டு பிறகு அதை வெளியேற்றும் புலிமியாவை ஜெரால்டு ரஸ்ஸல் 1979இலேயே விவரித்துவிட்டார். அதில் எடை பெரும்பாலும் எல்லாரையும்போலத்தான் இருக்கும். ஆனால் அப்படி வெளியேற்றுவதால் இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கினால் இதயம் ஒல்லி, குண்டு பார்க்காது. நெஞ்சு படபடப்பு, மயக்கம், வாந்தியில் இரத்தம், இவற்றில் ஏதாவது இருந்தால் இன்றே மருத்துவமனைக்குப் போ. இல்லாவிட்டாலும் இந்த வாரம் ஒரு மருத்துவரைப் பார். வீட்டில் நம்பிச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

கடைசிபெஞ்சு

சித்தி இருக்கிறார்.

சாளரம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். டாக்டர் ஐயா சொன்னதும் வேறு மருத்துவமனைக்குப் போனோம். நாடித்துடிப்பைப் பார்த்ததும் அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். ஒன்பது நாள் இருந்தோம். இப்போது வீட்டில் இருக்கிறோம்.

குடும்பத்தை மையமாக வைத்த சிகிச்சை என்கிறார்கள். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவானதாம். முதல் கட்டத்தில் என்ன, எவ்வளவு, எப்போது என்பதை எல்லாம் பெற்றோரே முடிவு செய்கிறோம். அவள் உடல் தேறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவள் கையில் திருப்பிக் கொடுப்போம். ஏன் வந்தது, யார் காரணம் என்ற ஆராய்ச்சியை இப்போதைக்கு மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்கள். வீடு தீப்பிடித்து எரியும்போது தீக்குச்சியைத் தேடாதீர்கள் என்றார் அந்த மருத்துவர்.

கேட்க எளிதாக இருக்கிறது. நேற்று ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இரண்டேகால் மணி நேரம். தட்டைத் தள்ளினாள். “உனக்கு என்மேல் பொறாமை” என்றாள். என் மகள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் இதுவரை வந்ததில்லை. பேசுவது நோய் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு, “இது கஷ்டம் என்று தெரியும், அடுத்த வாயை எடு” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். வாதம் செய்தால் நான் தோற்பேன், அந்த நோய் வக்கீலைப்போலப் பேசுகிறது. கணவர் இப்போது சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார். முதலில் “கொஞ்சம் விட்டுக்கொடேன்” என்றவர், இப்போது எனக்குக் குரல் உயரும்போது என்னை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்கிறார்.

கரையேறியவள்

சகோதரி, ஒன்றைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். இந்த முறையின்மேல் எனக்கு மனத்தாங்கல் உண்டு. என் அம்மாவும் இப்படித்தான் எதிரே உட்கார்ந்தார். காவல்காரர்போல. நான் அவரை வெறுத்தேன், சும்மா சொல்லவில்லை, முழுதாக இரண்டு வருடம். எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. அடிக்கும் வீடுகளும் குத்திக்காட்டும் வீடுகளும் இருக்கின்றன, அங்கே தட்டையும் அதிகாரத்தையும் பெற்றோரிடம் கொடுப்பது கொடுமையாகிவிடும். எனக்கு நடுவில் தனியாகப் பேச ஒரு சிகிச்சையாளர் தேவைப்பட்டார், அவர் கிடைத்த பிறகுதான் நகர்ந்தேன்.

அதே மூச்சில் இதையும் சொல்கிறேன்: அம்மா எழுந்து போயிருந்தால் இங்கே எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

இன்னொரு சின்ன விஷயம். தேறிவரும்போது “முகத்தில் களை வந்துவிட்டது”, “கன்னம் பூசினாற்போல் ஆகிவிட்டது” என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். என் காதில் அது ‘குண்டாகிவிட்டாய்’ என்று விழும், அன்று இரவு பழைய இடத்துக்கே போய்விடுவேன். வீட்டுக்கு வருகிறவர்களை வாசலிலேயே மடக்கிச் சொல்லிவிடுங்கள்: உடம்பைப் பற்றி நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம்.

ஊஞ்சல்பலகை

என் பேத்தியை நான் ‘பூசணி’ என்று கூப்பிடுவேன். ஒன்பது வயது. சிரிப்பாள். நேற்று அவள் அம்மாவிடம் கேட்டேன். சிரிப்பாள், பிறகு அறைக்குள் போய்விடுவாள் என்றாள். அதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை.

கடைசிபெஞ்சு

சித்தியிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை, அழுதார். நாளை காலை மருத்துவரைப் பார்க்கிறோம். உள்ளே போனதும் எடை பார்ப்பார்கள், “நன்றாகத்தானே இருக்கிறாய்” என்பார்கள், நானும் ஆமாம் என்று வந்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். என்ன சொல்லி ஆரம்பிப்பது?

ஓய்வுபெற்ற ஸ்டெதஸ்கோப்

வாயால் சொல்ல வேண்டாம். இன்றிரவே ஒரு தாளில் எழுது: “சாப்பாட்டைப் பற்றிய பயம் இருக்கிறது. இத்தனை மாதமாக இருக்கிறது. பகலில் சாப்பிடுவதில்லை, இரவில் அதிகம் சாப்பிடுகிறேன், பிறகு வெளியேற்றுகிறேன். வாரத்தில் இத்தனை முறை. தலைசுற்றுகிறது. நாடித்துடிப்பு, ஈசிஜி, பொட்டாசியம் பார்க்க வேண்டும்.” உட்கார்ந்ததும் தாளை நீட்டு. எடை பார்க்கும்போது கருவிக்கு முதுகு காட்டி நிற்கிறேன், எண்ணைச் சொல்ல வேண்டாம் என்று கேட்கலாம், தவறில்லை. அவர் படிக்காமல் தாளை ஓரமாக வைத்தால் சித்தியை உரக்கப் படிக்கச் சொல்.

கடைசிபெஞ்சு

எழுதிவிட்டேன். சித்தியின் கைப்பையில் இருக்கிறது.